அண்ணன் குரல் போய்விடுமா என்று கேட்டேன்

குழாயைத் திறந்தால் அண்ணன் கூப்பிடுவான். பக்கெட் நிரம்பும் சத்தத்துக்குள்ளிருந்து, "தம்பி" என்று. மூடினால் நின்றுவிடும். பெயின்டிங் வேலைக்குப் போன இடத்தில் சாரம் சரிந்து அவன் இறந்து அப்போது ஒரு வருடம்கூட ஆகவில்லை.

யாரிடமும் சொல்லவில்லை. குளிப்பதைக் குறைத்துக்கொண்டேன். பிறகு ஆபீசில் மூச்சு முட்ட ஆரம்பித்தது. காக்ஸ் டவுனில் ஒரு டாக்டர் ஈ.சி.ஜி. (இதயத் துடிப்பைக் கோடாக வரைந்து காட்டும் சோதனை) எடுத்துப் பார்த்தார்.

"ஹார்ட் நல்லா இருக்குப்பா. இது பயத்துல வர்றது. கவுன்சலிங் போ."

கவுன்சலிங் (பேசிப் பேசி மனதைத் தேற்றும் சிகிச்சை) போகச் சொன்னதை வீட்டில் வந்து சொன்னேன்.

எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் போனவன் நான்தான். ஓர் அறைக்குள் கூப்பிட்டுக் கேள்வி கேட்டால் அது இன்டர்வியூ. எங்களுக்கு வேறு தெரியாது. அம்மா சர்டிபிகேட் ஃபைலைக் கையில் திணித்தாள்.

"அதெல்லாம் கேக்கமாட்டாங்கம்மா."

"எங்க உள்ள போனாலும் கேப்பாங்கடா. இல்லன்னு திருப்பி அனுப்பிட்டா? எடுத்துக்கினு போ."

சட்டையை இன் பண்ணிக்கொண்டு போனேன். ஆங்கிலத்தில் பதில்கள் மனப்பாடம். குரல் விஷயம் அதில் இல்லை. சொன்னால் ஆஸ்பத்திரியில் பிடித்து வைத்துக்கொள்வார்கள் என்று பயம்.

ரிச்சர்ட்ஸ் டவுனில் பழைய வீடொன்றின் முன்னறை. மேசையே இல்லை, இரண்டு பிரம்பு நாற்காலிகள்தான். ஆலோசகர் அம்மா என் ஆங்கிலத்தைக் கொஞ்ச நேரம் பொறுமையாகக் கேட்டார்.

"வீட்ல என்ன பாஷை?"

"தமிழ், மேடம். தெருவுல கன்னடா."

"ஃபைல்ல என்ன?"

"சர்டிபிகேட்ஸ், மேடம். டென்த்லேர்ந்து இருக்கு."

"என்கிட்ட வேலை எதுவும் காலி இல்லப்பா. கீழ வெச்சிட்டு நல்லா சாஞ்சு உக்காருங்க."

எனக்கே சிரிப்பு வந்துவிட்டது. அந்தச் சிரிப்பு அடங்குவதற்குள் தமிழில் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். அவர் யாரையும் கூப்பிடவில்லை.

"ஏதாவது செய்யச் சொல்லுதா அந்தக் குரல்?"

"இல்ல மேடம். கூப்பிடும். அவ்ளோதான்."

"நெருங்கினவங்க போயிட்டா நெறைய பேருக்கு இப்படிக் கேக்கும்."

அப்போதுதான் என் நிஜமான பயம் வெளியே வந்தது.

"எனக்குச் சரியாயிட்டா அவன் குரல் போயிடுமா, மேடம்?"

"போகலாம். போகாமலும் இருக்கலாம். போகணும்னு நெனைக்கிறீங்களா?"

பதில் தெரியவில்லை. அழுதேன். அவர் அவசரப்படுத்தவில்லை. முதல் முறை போகப்போகிறவர்களுக்கு நான் சொல்லக்கூடியது இதுதான்: அங்கே பதில் தெரியாமல் உட்கார்ந்திருக்கலாம்.

பல மாதங்கள் போனேன். மூச்சு முட்டல் விட்டது. குரலும் தேய்ந்தது, கடைசியாக எப்போது கேட்டது என்று கவனிக்கவில்லை. நான் பயந்தது நடந்துவிட்டது. இப்போது நானாக அதை நினைவிலிருந்து எடுத்துப் பார்க்கிறேன். சில நாள் அது என் குரலிலேயே வருகிறது.

போன மாதம் அண்ணன் இறந்த வயதைத் தாண்டினேன். ஷேவ் செய்யும்போது தெரிவது அவனுக்குக் கிடைக்காத முகம். அதைக் கொஞ்சம் மெதுவாக மழிக்கிறேன். எந்த வயதையும் அவன்தான் முதலில் போய்ப் பார்த்து வந்து, எப்படி இருக்கும் என்று எனக்குச் சொல்வான். இனி வருவதை நான் முதலில் பார்க்க வேண்டும்.