சென்சாருக்கு ஒரு தொப்பி

சோப்புக் கம்பெனியில் பதினாறு வருடம் பெட்டி அடுக்கியவள் என்பதால் வகுப்பில் அவளுக்கு சோப்பக்கா என்று பெயர். வயது நாற்பத்து மூன்று. இன்னும் ஏழு மாதத்தில் பெட்டிகளை இயந்திரமே அடுக்கப் போகிறது. தானாக ஓடும் இயந்திரங்களைப் பற்றிய மெக்கட்ரானிக்ஸ் படிப்பில் அடிப்படைச் சான்றிதழ் இருந்தால் அதைக் கவனிக்கும் வேலை, இல்லையென்றால் வீடு. கம்பெனி சொன்னது அவ்வளவுதான். பதினாறு வருடத்துக்கு அதுவே மரியாதையாம்!

"இந்த வயசுல உனக்கு எதுக்கு இந்த வேண்டாத வேலை?" என்றார் கணவர்.

"அந்த மெஷின் என் இடத்துல உட்காரப் போகுதுங்க. அதோட குடுமி என் கையில இருக்கட்டும்."

ஆறு மாதம் முட்டி மோதிப் படித்தாள். சென்சார் பார்க்கிறது, கன்ட்ரோலர் முடிவெடுக்கிறது, மோட்டார் செய்கிறது. பாடமே இதுதான் என்று பிடிபட்டதும் சிரிப்பு வந்தது. இத்தனை வருடம் இதை அவள் சம்பளத்துக்குச் செய்திருக்கிறாள்.

செய்முறைத் தேர்வு மாலை நான்கு மணிக்கு. பெல்ட்டில் வரும் பெட்டியை சென்சார் பார்த்ததும் தள்ளுகோல் ஓரமாகத் தள்ள வேண்டும். காலையில் ஒழுங்காகத் தள்ளியது. இப்போது ஐந்து பெட்டிகளும் ராஜா மாதிரி நேராகப் போய்க் கீழே விழுந்தன.

"புரோகிராம் தப்பு. அடுத்த வருஷம் பாத்துக்கலாம், நகருங்கம்மா." தேர்வாளர் பேனாவைத் திறந்துவிட்டார்.

அவள் நகரவில்லை.

"புரோகிராம்ல ஒரு எழுத்துகூட தப்பில்ல சார். எனக்கு இன்னும் எட்டு நிமிஷம் இருக்கு. பேனாவை மூடுங்க."

குனிந்து, சென்சார் இருக்கும் உயரத்துக்குத் தன் கண்ணைக் கொண்டுபோனாள். ஜன்னல் வழியாக வந்த மேற்கு வெயிலில் கண் கூசியது. அட, நம்ம பழைய சனியன்! கம்பெனியில் பெட்டி எண்ணும் சென்சாருக்கும் நாலு மணி வெயில் விழுந்தால் பெட்டி தெரியாது. மெக்கானிக் வந்து பெரிய மனுஷன் தோரணையில் பார்ட்டை மாற்றிவிட்டுப் போவார். அவர் தலை மறைந்ததும் பெண்கள் சோப்பு அட்டையைக் கிழித்து சென்சாருக்கு மேலே வெயில் மறைப்பாக ஒட்டுவார்கள்.

சோப்பக்கா தன் நோட்டு அட்டையைக் கிழித்து, டேப் போட்டு, சென்சாருக்குத் தொப்பி மாட்டினாள். பெட்டிகளைத் திரும்ப ஓடவிட்டாள். ஐந்தும் ஓரத்துக்குப் போயின.

"இந்த அட்டை பாடத்துல இல்லையே," என்றார் தேர்வாளர்.

"வெயிலும்தான் பாடத்துல இல்ல சார். வந்துச்சே. மார்க்கைப் போடுங்க."

தேர்ச்சி என்று அவர் எழுதி முடிக்கும்வரை பக்கத்திலேயே நின்று பார்த்தாள்.