நூற்றெட்டில் நான்கு பாட்டு

1. மூன்று பிஸ்கட் டின்

ஒரு டின்னில் நோட்டுப் புத்தகங்கள், இரண்டில் ஒலிநாடாக்கள். பிரிஞ்சாங் மலையூரில் ஹார்ட்வேர் கடை வைத்திருக்கும் சுப்ரா, முதல் நாள் என் முன்னால் வைத்தது இவ்வளவுதான். நான் நூலக அறிவியல் படித்தவள். ஈப்போவில், பழைய ஒலிப்பதிவுகளைக் கணினிக்கு மாற்றிப் பட்டியலிட்டுத் தரும் சிறிய அலுவலகத்திலிருந்து அனுப்பப்பட்டிருந்தேன்.

சுப்ராவின் அப்பா தேயிலைத் தோட்டத்தில் கிராணி, அதாவது அலுவலக எழுத்தர். கர்நாடக இசையை முறையாகக் கற்று, தோட்டத்து முருகன் கோயிலுக்காகக் கீர்த்தனைகள் இயற்றியவர். பாட்டுக் கிராணி என்றால் மலையில் எல்லாருக்கும் தெரியும். அவர் காலமாகிப் பல வருடங்கள் ஆகிவிட்டன. அவருடைய பாடல்களின் அட்டவணையைத் திருவிழாவில் புத்தகமாக வெளியிட வேண்டும் என்பது மகனின் ஆசை.

கீர்த்தனை அட்டவணையில் வழக்கமான கட்டங்கள் உண்டு. எண், பல்லவியின் முதல் அடி, ராகம், தாளம், முத்திரை, இயற்றியவர். முத்திரை என்பது பாடலின் கடைசிப் பகுதியில் இயற்றியவர் வைக்கும் அடையாளச் சொல். யாருடைய பாட்டு என்ற சந்தேகம் வந்தால் முதலில் பார்ப்பது அதைத்தான். பாட்டுக் கிராணியின் முத்திரை ‘பனிமலைவேலன்’. நோட்டுகளில் அந்த முத்திரையோடு நூற்றெட்டுப் பாடல்கள் இருந்தன. ‘இயற்றியவர்’ கட்டத்தில் முதல் வரியில் அவர் பெயரை அடித்து, கடைசி வரி வரை ஒரே இழுப்பில் நிரப்பினேன்.

எண்ணிக்கையைச் சொன்னதும் சுப்ரா நாற்காலியை விட்டு எழுந்துவிட்டார். நூற்றெட்டு என்பது சாமி கொடுத்த கணக்கு என்றார். மறுநாளே ‘நூற்றெட்டுக் கீர்த்தனைகள்’ என்று போட்டு அழைப்பிதழை அச்சுக்குக் கொடுத்தார்.

2. ஒரு கூடுதல் கட்டம்

பாடல்களை இன்றும் பாடுபவர்களிடம் ராகத்தையும் தாளத்தையும் சரிபார்க்க வேண்டியிருந்தது. கோயில் பஜனையில் முதல் குரல் லெட்சுமி அக்கா. ஐம்பத்தைந்து வயதிருக்கும். தேயிலைத் தொழிற்சாலையில் பேக்கிங் பகுதியில் வேலை. ஷிஃப்ட் முடிந்து, சட்டையில் தேயிலைத் தூசியோடு வந்து உட்கார்ந்து, பாதி வரி பாடுவார், ராகம் சொல்வார், அடுத்ததைக் கேட்பார்.

என் படிவத்தில் ‘யாரிடம் கற்றது’ என்று ஒரு கட்டம் இருந்தது. அறுபது பாடல்களுக்கு ‘கிராணி ஐயா’ என்றே பதில். அறுபத்தொன்றாவதற்கு அவர் சற்று நிறுத்தினார்.

“இத யாருகிட்டயும் கத்துக்கலம்மா. நான் கட்டுனது.”

கடைசியில் கிராணியின் முத்திரை இருக்கிறதே என்றேன்.

“அது சாமி பேரு லா. நம்ம கோயில்ல பாடணும்னா அது இல்லாம எப்படி?”

பாட்டுக் கிராணிக்கு அது முத்திரை. தோட்டத்துக்கு அது மலைச்சாமியின் பெயர். யார் பாட்டுக் கட்டினாலும் அதில்தான் முடித்திருக்கிறார்கள். அக்காவின் கணக்கில் அவர் பாட்டுகள் நான்கு. கிராணி அவற்றுக்கு ஸ்வரம் எழுதி, தன் நோட்டிலேயே சேர்த்து வைத்திருக்கிறார்.

இத்தனை வருடம் ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன்.

“பாடுற வரைக்கும் யார் பாட்டுன்னு யாரு கேட்டா? இப்ப நீங்க எழுதுறீங்க. எழுதுறப்ப என் பேர விட்டுட்டு எழுதாதீங்க.”

3. நான் வெட்டிய பகுதி

அக்கா சொன்னதைக் கேட்டு சுப்ரா கோபப்படவில்லை. அதுதான் கஷ்டமாக இருந்தது. கடையில், பக்கத்து ஊரான திரிங்காப்பிலிருந்து வந்த விவசாயி ஒருவருக்குத் தண்ணீர்க் குழாயை அளந்து வெட்டிக்கொண்டே பேசினார்.

“கார்டு அடிச்சாச்சு, மா. சரி, அத விடுங்க. எங்கப்பா கையெழுத்து, எங்கப்பா நோட்டு. லெச்சுமி பொய் சொல்ற ஆளு இல்ல. ஆனா நெனப்புல மாறிப் போயிருக்கலாம்ல? வாய்ப்பேச்ச வச்சு எங்கப்பா பாட்ட எடுத்துக் குடுக்கச் சொல்றீங்களா?”

நியாயமான கேள்வி. நோட்டுகளை மறுபடி புரட்டினேன். கிராணி தன் பாடல்களை அடித்து அடித்துத் திருத்தி எழுதுபவர். அந்த நான்கு மட்டும் ஒரு திருத்தமும் இல்லாத சுத்தப் பிரதி. சந்தேகத்துக்கு அது போதும், சான்றுக்குப் போதாது.

அப்போதுதான் ஒலிநாடா நினைவுக்கு வந்தது. கணினிக்கு மாற்றும்போது பாட்டுக்கு முன்னாலுள்ள பேச்சு, இருமல், சுருதிப்பெட்டி சரிசெய்யும் சத்தம் எல்லாவற்றையும் வெட்டிவிட்டுப் பல்லவியிலிருந்து கோப்பைத் தொடங்குவது எங்கள் வழக்கம். கேட்பவருக்கு வசதி. நானே வெட்டியிருந்தேன், வேகத்தில் காதுகொடுத்துக் கேட்காமல். நல்லவேளை, வெட்டாத மூலக் கோப்பை அழிப்பதில்லை.

ஏழாவது நாடாவில் இருந்தது. லேப்டாப்பைக் கடைக்குக் கொண்டுபோய்ப் போட்டுக் காட்டினேன். முதலில் தகரக் கூரையில் மழை. பிறகு பாட்டுக் கிராணியின் குரல்: “இன்னிக்கி லெச்சுமி கட்டுன நாலையும் பதிஞ்சிருவோம். லெச்சுமி, ஓம் பாட்ட நீயே எடு. ரெண்டாவது அடியில தாளத்த விட்றாத.” ஒரு இளம்பெண்ணின் சிரிப்பு. பிறகு பல்லவி.

சுப்ரா குழாய் வெட்டும் வாளைக் கீழே வைத்தார்.

“இன்னொரு வாட்டி போடுங்க,” என்றார். மூன்று முறை கேட்டார். பாட்டு வந்ததும் நிறுத்தச் சொல்லி, அப்பா பேசிய இடத்தை மட்டும் கேட்டார். பிறகு அழைப்பிதழ்க் கட்டைக் கல்லாவுக்கு அடியில் தள்ளிவிட்டு, அச்சகத்துக்குப் போன் செய்தார்.

4. திருத்தத்தின் திருத்தம்

ஒருமுறை கொடுத்த எண்ணை வேறு பாட்டுக்குக் கொடுக்கக் கூடாது என்பது அட்டவணை விதி. அந்த நான்கு எண்களையும் காலியாக விட்டு, ‘லெட்சுமி இயற்றியவை’ என்று தனிப் பகுதி தொடங்கி அங்கே பார்க்கும்படி குறிப்பு எழுதினேன். அச்சுக்குப் போகும் முன் அக்காவிடம் காட்டினேன். தன் பெயர் இருந்த பக்கத்தை மெதுவாக, விரல் வைத்து வாசித்தார். நான்காவது பாட்டில் விரல் நின்றது.

“இதுல பல்லவிதான் என்னோடது. சரணம் எனக்கு வரல. ஐயாதான் போட்டாரு. அதையும் எழுதுங்க.”

அவர் சொல்லாவிட்டால் அது யாருக்கும் தெரிந்திருக்காது. ஒலிநாடாவே அவர் பக்கம்தான் சாட்சி சொல்லியிருந்தது.

என் படிவத்தில் ‘இயற்றியவர்’ கட்டம் ஒரு பெயர்தான் கொள்ளும். இரண்டு பெயருக்கு இடம் வரும்படி மாற்ற அரை நாள் ஆனது. இப்போது பேச்சை வெட்டுவதற்கு முன் முழுக்கக் கேட்கிறேன். ‘இயற்றியவர்’ என்ற கட்டத்தைக் கடைசியில், ஒவ்வொரு வரியாக நிரப்புகிறேன்.