நாளைக்கு ரம்

பெருங்கடவிளையில் வீடு வீடாகப் போய் நோயாளிகளைப் பார்க்கும் நர்ஸ் நான். கப்பல் பாரில் காக்டெயில் கலக்கி ஓய்வுபெற்ற ஒருவர் அங்கே இருந்தார். ஒல்லியான ஆள், அன்னாசி நறுக்கி நறுக்கி வெடித்த விரல்கள்.

புற்றுநோயில் கிடந்த மனைவிக்குச் சோறு இறங்கவில்லை. அன்னாசிச் சாறும் தேங்காய்ப்பாலும் கலந்து, கிளாசில் காகிதக் குடை குத்திக் கொடுப்பார்.

ஒருநாள் அந்தம்மா, "கப்பல்ல ஆளுவளுக்குக் குடுத்த மாதிரி ரம்மும் ஊத்தித் தாரும்" என்றார்.

"நாளைக்குத் தாறேன்."

அடுத்த வாரம் நான் போனபோதும் அந்தம்மா கேட்டார்; அவர் அதையேதான் சொன்னார். அடுக்களையில் திறக்காத பாட்டில் இருந்தது. ஏன் கொடுக்கவில்லை என்று கேட்டேன்.

"பெந்தெகொஸ்து சபைக்காரியாக்கும், சிஸ்டரே. ஒரு துளி தொடாதவ, எல்லாம் முடிஞ்சுன்னு நெனச்சுதான் கேக்குறா. நாளைக்குன்னு சொன்னா நாளைக்கு வரைக்கும் இருப்பால்லியா?"

கிளம்பும்போது அந்தம்மாவிடம், "நாளைக்கு வாறேன்" என்றேன். அந்த வீட்டுக்கு என் முறை அடுத்த வாரம்தான்.