ஆள்காட்டி விரலால் அழுத்தவும்

1. சிஞ்ச்வட்டில் நின்றுபோன லைன்

தொண்ணூறுகளின் கடைசியில் புனேயில் ஒரு சின்ன சாஃப்ட்வேர் கம்பெனியில் டெக்னிக்கல் ரைட்டராக இருந்தேன். மற்றவர்கள் செய்த மென்பொருளை எப்படி இயக்குவது என்று மேனுவல் எழுதுகிற வேலை. "இதுக்கெல்லாமா சம்பளம் தர்றாங்க?" என்று தேஹு ரோடு ராணுவ டிப்போவில் வேலை பார்த்த என் அப்பா கடைசிவரை கேட்டுக்கொண்டே இருந்தார்.

ஒரு நாள் காலை மேனேஜர் ராகவன் சார் என் மேஜைக்கு வந்தார். சிஞ்ச்வட்டில் ஒரு உதிரிபாகத் தொழிற்சாலையின் ஸ்டோர்ஸுக்கு எங்கள் மென்பொருள் போயிருந்தது. வந்து இறங்கிய சரக்கின் வரவு அங்கே கணினியில் திரும்பத் திரும்ப ரத்தாகி, பாகங்கள் கிடைக்காமல் அசெம்பிளி லைனே நின்றுவிட்டதாம்.

"சாஃப்ட்வேர்ல தப்பில்லம்மா. ஆப்பரேட்டர்தான் சரியில்ல. மேனுவலை வெச்சு இன்னொரு தரம் சொல்லிக் குடுத்துட்டு வந்துடு" என்றார்.

லோக்கல் ரயில் பிடித்துப் போனேன். வாசலிலேயே ஸ்டோர்ஸ் அதிகாரி தேஷ்பாண்டே இந்தியில் பொரிந்து தள்ளினார். ஆப்பரேட்டர் ஆறுமுகம் முன்பு கம்பெனியின் வேறொரு யூனிட்டில், தகடு அழுத்தும் பிரஸ் ஷாப்பில் மெஷின் ஓட்டியவர். கையில் அடிபட்டதால் இங்கே இலகுவான வேலைக்கு அனுப்பியிருக்கிறார்கள். "காயம் ஆறி எவ்வளவோ நாளாச்சு, மேடம். இன்னும் கையை பாக்கெட்ல போட்டுக்கிட்டு ராஜா மாதிரி உட்கார்ந்திருக்கான். இன்னொரு வரவு ரத்தாச்சுன்னா கணக்கை முடிச்சு வீட்டுக்கு அனுப்பிடுவேன்" என்றார்.

ஆறுமுகத்துக்கு நாற்பது வயதிருக்கும். சொன்னபடியே வலது கை பேண்ட் பாக்கெட்டுக்குள் இருந்தது. இடது கையால் மவுஸைப் பிடித்திருந்தார்.

நான் தமிழில் பேசியதும் முகம் மலர்ந்தது. வேலூர்ப் பக்கமாம், எங்கள் அப்பா ஊருக்குப் பக்கம்.

"புக்குல போட்டிருக்கிறபடிதான் தங்கச்சி செய்யறேன். ஒரு எழுத்து மாத்தல. மராத்தி எனக்கு நல்லாவே படிக்க வரும். ஆனா அது என்னமோ மெனு வந்து குதிக்குது, சரக்கு காணாமப் போயிடுது."

"கையை வெளிய எடுத்து ஒழுங்கா உட்காரச் சொல்லுங்க அவனை!" என்று பின்னாலிருந்து தேஷ்பாண்டே இரைந்தார். ஆறுமுகம் தலையைக் குனிந்துகொண்டார். கை மட்டும் வெளியே வரவில்லை.

2. சாப்பாட்டு மணி

மணி அடித்ததும் எல்லோரும் கேன்டீனுக்குப் போனார்கள். ஆறுமுகம் மட்டும் ரேக்குகளுக்குப் பின்னால் போய்த் தனியாக உட்கார்ந்தார். தண்ணீர் தேடிப் போன நான் பார்த்துவிட்டேன். டப்பாவை வலது முன்கையால் நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, இடது கையால் மூடியைத் திருகிக்கொண்டிருந்தார். அந்த வலது கையில் கட்டைவிரலைத் தவிர வேறு விரல் இல்லை.



"பார்த்துட்டியா? யாருக்கும் சொல்லாத, தங்கச்சி" என்றார். "அய்யோ பாவம்னு ஆரம்பிச்சுடுவாங்க. அப்புறம் இந்த வேலையும் இவனால ஆகாதும்பாங்க. பெரியவ பன்னெண்டாவது படிக்கிறா. நான் வீட்டுல உட்கார்ந்தா அவ படிப்பு நின்னுடும்மா."

நான் அவர் நாற்காலியில் போய் உட்கார்ந்து, மவுஸை இடது கையில் பிடித்துக்கொண்டு மேனுவலைத் திறந்தேன். எனக்கு முன்னால் இருந்தவர் எழுதியது: "ஆள்காட்டி விரலால் பட்டனை அழுத்திப் பிடித்து, சரக்கின் படத்தை இழுத்து ரேக்கின் மேல் விடவும்." அப்படியே அழுத்தினேன். இடது கையின் ஆள்காட்டி விரல் விழுகிற இடம் வலது பட்டன். மெனு குதித்தது. அதை மூடலாம் என்று மறுபடி அழுத்தினால், அது விழுவது மெனுவின் முதல் வரியில்: "வரவை ரத்து செய்".

அட கடவுளே! புக்கில் சொன்னதை மனுஷன் அப்படியே செய்திருக்கிறார். அதற்குத் திமிர் என்று பெயர்.

பட்டன்களை இடம் மாற்றிப் போட கணினியில் வழி உண்டு. ஆனால் அடுத்த ஷிஃப்டில் அதே மேஜையில் உட்காருகிறவருக்கு அப்போது எல்லாம் தலைகீழாகிவிடும். மேனுவலைத்தான் மாற்ற வேண்டும்.

3. ராகவன் சார் அறை

மவுஸைத் தொடாமல், அம்புக்குறி விசையால் சரக்கைத் தேர்ந்தெடுத்து, கட், பேஸ்ட் விசைகளால் ரேக்குக்கு மாற்றலாம். எங்கள் புரோகிராமர்கள் அந்த வழியையும் வைத்திருந்தார்கள். மேனுவலில்தான் ஒரு வரி இல்லை.

"வேணும்னேதான் விட்டோம்" என்றார் ராகவன் சார். "மவுஸ்ல இழுத்துப் போடறதைக் காட்டித்தானே வித்தோம்? கீபோர்டுன்னு எழுதினா வாங்கறவன் பழைய சரக்குன்னு நெனச்சுப்பான்."

"நெனச்சா நெனச்சுட்டுப் போறாங்க சார். நம்ம புக்கை நம்பினதுக்கு ஒருத்தருக்கு வேலை போகப்போகுது. மேனுவல்ல அந்தப் பக்கம் இப்படியே இருக்கும்னா, இனிமே அதை வேற யாராவது எழுதட்டும்" என்றேன். நான் வேலைக்குச் சேர்ந்து அதிக நாளாகவில்லை.

அவர் என்னையே பார்த்தார். "சரி, அந்த ஒரு சாப்டர் மட்டும்" என்றார்.

சாப்டரிலிருந்து விரல் என்ற வார்த்தையை எடுத்தேன். இடது, வலது என்பதை எடுத்தேன். "சரக்கைத் தேர்ந்தெடுக்கவும், ரேக்குக்கு மாற்றவும்" என்று செய்ய வேண்டியதை முதலில் சொல்லி, மவுஸ் வழியையும் விசை வழியையும் அதன் கீழே தனித்தனியாகப் போட்டேன். மவுஸ் வழியில், எந்தப் பட்டனை அழுத்தினால் படம் நிறம் மாறுகிறதோ அதுதான் வேண்டிய பட்டன் என்று எழுதினேன். மெனு வந்துவிட்டால் எஸ்கேப் விசையால் மூடவும் என்றும் சேர்த்தேன். எங்கள் மொழிபெயர்ப்பாளர் அதை மராத்தியில் போட்டுக் கொடுத்தார்.

4. ஃபேன் காற்று

அந்தத் தாள்களோடு மறுபடி சிஞ்ச்வட் போனேன். தேஷ்பாண்டே கையைக் கட்டிக்கொண்டு பின்னால் நின்றார். ஸ்டோர்ஸ் ஆட்களும் கூடிவிட்டார்கள். உண்மையைச் சொல்லிவிடலாமா என்று என் வாய் வரை வந்தது. சொல்லாதே என்று ஆறுமுகம் கேட்டிருந்ததால் பேசாமல் இருந்தேன்.

ஆறுமுகம் ஒவ்வொரு வரியாக வாய்க்குள் படித்து, இடது கையால் ஒவ்வொரு விசையாக அழுத்தினார். பேரிங் பெட்டிகள் திரையில் ரேக்குக்குப் போய்ச் சேர்ந்தன.

"இன்னொண்ணு" என்றார் தேஷ்பாண்டே.

அந்த நேரம் பார்த்து ஃபேன் காற்றில் தாள் எழும்பியது. இடது கை விசைகளின் மேல் இருந்தது. ஆறுமுகம் ஒரு கணம் அசையாமல் இருந்தார். பிறகு வலது கையை பாக்கெட்டிலிருந்து வெளியே எடுத்து, எல்லோருக்கும் எதிரில், தாளின் மேல் வைத்து அழுத்திக்கொண்டார். அடுத்த வரியைப் படித்தார்.

தேஷ்பாண்டே கட்டியிருந்த கைகளை இறக்கினார். போய் ஃபேனின் வேகத்தைக் குறைத்தார். இனிமேல் இவரைப் போகச் சொல்ல மாட்டார் என்று எனக்கு அப்போதே தெரிந்துவிட்டது.

புதிதாக மேனுவல் எழுத வருகிறவர்களிடம் நான் சொல்வது ஒன்றுதான். எழுதி முடித்ததும் உங்கள் வலது கையை பாக்கெட்டில் போட்டுக்கொள்ளுங்கள். நீங்கள் எழுதியபடியே ஒரு தடவை செய்து பாருங்கள். அதற்கப்புறம் பிரிண்டுக்கு அனுப்புங்கள்.