மீன் சருவத்துக்கு எதிராக நான் எழுதிய கட்டுரை

ஏழெட்டு வருடங்களுக்கு முன்பு, நான் பதினோராம் வகுப்பு படித்துக்கொண்டிருந்தபோது நடந்தது இது. எங்கள் ஊர் கன்னியாகுமரி மாவட்டத்தில், கடற்கரையிலிருந்து ஐந்தாறு கிலோமீட்டர் உள்ளே இருக்கிறது. கடற்கரையில் புறப்பட்டு எங்கள் ஊர் வழியாக டவுனுக்குப் போகும் மினி பஸ்ஸில்தான் நான் பள்ளிக்கூடம் போவேன். அதே பஸ்ஸில் மூன்று மீன்காரப் பெண்களும் வருவார்கள். அவர்கள் மீன் சுமக்கும் சருவங்கள், அகலமான அலுமினியப் பாத்திரங்கள், பின்வாசல் பக்கம் வரிசையாக இருக்கும். டவுனில் ஒரு சுற்று விற்றுவிட்டு, திரும்பி வரும் வழியில் எங்கள் ஊர்த் தெருக்களிலும் விற்பார்கள்.

ஒருநாள் வளைவில் டிரைவர் சடாரென்று பிரேக் போட்டார். ஒரு சருவத்திலிருந்து மீன்தண்ணீர் சிதறி, என் சுடிதார் முழங்கால்வரை நனைந்துவிட்டது. அன்று அரையாண்டுத் தேர்வு. பக்கத்து பெஞ்சுப் பெண் மூக்கைத் துப்பட்டாவால் மூடிக்கொண்டே பரீட்சை எழுதினாள். பின்னால் யாரோ "சாளை மீன் வந்தாச்சு" என்றார்கள். எல்லாரும் சிரித்தார்கள். அன்று என்ன எழுதினேன் என்றே எனக்கு நினைவில்லை.

அடுத்த மாதம் பள்ளியில் கட்டுரைப் போட்டி வைத்தார்கள். வாசிப்பவரை நம் கருத்துக்கு இணங்க வைக்க வேண்டும். தலைப்பு நம் விருப்பம். எங்கள் தமிழ் டீச்சர் முன்கூட்டியே திட்டம் போட்டுத்தான் எழுதச் சொல்வார். ஒரு தாளை எடுத்துக் கட்டம் போடு. யாரிடம் பேசுகிறாய், அவர் என்ன செய்ய வேண்டும் என்பதை முதல் கட்டத்தில் ஒரே வரியில் எழுது. அடுத்து மூன்று காரணம், ஒவ்வொன்றுக்கும் கண்ணால் கண்ட ஒரு சான்று. வலுவான காரணத்தைக் கடைசிக்கு வை. பிறகு, உன்னோடு ஒத்துப்போகாதவர் என்ன சொல்வார், அதற்கு உன் பதில் என்ன. முடிவில் புதிதாக எதையும் நுழைக்காதே. இப்படிச் சொல்லிச் சொல்லி எங்களுக்கு அது பாடமாகிவிட்டது.

நான் முதல் கட்டத்தில் எழுதினேன்: மினி பஸ் உரிமையாளர் பஸ்ஸில் மீன் பாத்திரங்களை ஏற்றக்கூடாது. காரணங்கள் கடகடவென்று வந்தன. வழுக்கி விழுந்த ஒரு பெரியவர், வாந்தி எடுத்த ஒரு குழந்தை, கடைசியில் என் தேர்வு நாள். எதிர்க்கருத்து என்ற கட்டத்துக்கு வந்தபோது மணி அடிக்கும் நேரமாகிவிட்டது. "மீன் விற்பவர்கள் ஆட்டோவில் செல்லலாம். அதனால் அவர்களுக்குப் பெரிய இழப்பு இல்லை" என்று இரண்டே வரியில் முடித்தேன்.

எனக்குத்தான் முதல் பரிசு. பரிசு கொடுக்க வந்தவர்களில் அந்த மினி பஸ் உரிமையாளரும் ஒருவர். மேடையில் என் கட்டுரையை வாசிக்கச் சொன்னார்கள். வாசித்து முடித்ததும் அவர் அந்தத் தாளைக் கேட்டு வாங்கிச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். மறு வாரம் பஸ் வாசலில் போர்டு தொங்கியது: "மீன் பாத்திரங்களுக்கு அனுமதி இல்லை." நான் எழுதிய ஒன்று இப்படிப் போர்டாக மாறும் என்று நினைத்ததே இல்லை. அம்மாவிடம் பத்து தடவையாவது சொல்லியிருப்பேன்.

அடுத்த இரண்டு வாரம் எங்கள் தெருவுக்கு மீன் வரவில்லை. மூன்றாவது சனிக்கிழமை, வெயில் நன்றாக ஏறிய பிறகு, வழக்கமாக வரும் மீன்கார அக்கா வந்தார். சருவத்தை இறக்கிவைக்க அம்மா ஒரு கை பிடித்தார். அக்காவின் நைட்டி முதுகெல்லாம் நனைந்து ஒட்டிக்கிடந்தது.

"என்ன, ஆளையே காணோம்?" என்றார் அம்மா.

"வண்டியில ஏத்த மாட்டேங்கான். நடந்துதான் வாறேன். எங்க ஊரு பக்கத்துலயே வித்துப் பாத்தேன், அங்க வீட்டுக்கு வீடு மீன்காரி" என்றவர், சாளையை ஒன்றிரண்டு எடுத்து அழுத்திப் பார்த்தார். "ஐஸ் எல்லாம் வழியிலேயே கரைஞ்சு போச்சு. கேட்டியளா, ஏதோ பள்ளிக்கூடத்துப் பிள்ளை எழுதிக் குடுத்துதாம். நல்ல எழுத்தாம்."

அம்மா என்னைத் திரும்பிப் பார்த்தார். நான் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

அதுவரை எனக்கு உறைக்காத ஒன்று அப்போதுதான் உறைத்தது. வீட்டுக்கு வரும்போது அவர் எனக்கு அக்கா. பஸ்ஸில் ஏறும்போது வெறும் நாற்றம். அந்த இரண்டு பேரும் ஒருவர்தான் என்று கட்டுரை எழுதிய ஒரு மணி நேரமும் என் மனதில் படவே இல்லை. எழுதியது நான்தான் என்று அன்று நான் சொல்லவில்லை. அம்மாவும் என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை. அக்கா போன பிறகு மட்டும், "ஏட்டி, ஆட்டோல போலாம்னு எழுதுனியே, போவாளான்னு ஒரு வார்த்த கேட்டியா?" என்றார்.

திங்கட்கிழமை டீச்சரிடம் போய் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் அலமாரியிலிருந்து என் திட்டத் தாளை எடுத்தார். அந்த இரண்டு வரிக்குப் பக்கத்தில் சிவப்பு மையில் டிக் போட்டிருந்தது. அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"இந்த டிக் நான் போட்டதுலா. நானும் அதே ரோட்டுலதான் தினம் வாறேன். எனக்கும் கேக்கணும்னு தோணலயே" என்றார். பிறகு, "நீ போய் அவங்ககிட்ட பேசு. அந்தக் கட்டத்தை மட்டும் திரும்ப எழுதிக் கொண்டு வா" என்று தாளை என் கையில் கொடுத்தார்.

அடுத்த சனிக்கிழமை அக்கா வந்ததும், அம்மா கூப்பிடுவதற்கு முன்னே நான் வெளியே போனேன். "அக்கா, அத எழுதினது நாந்தான்" என்றேன்.

அவர் மீனைத் திருப்பித் திருப்பி வைத்துக்கொண்டிருந்தார். திட்டியிருந்தால்கூடப் பரவாயில்லை என்று தோன்றியது. கடைசியில், "உனக்கு என்ன குறை வந்துது மக்களே, அப்படி எழுத?" என்று கேட்டார். கோபமாக அல்ல, தெரிந்துகொள்ளவே கேட்டார்.

தேர்வு நாளன்று நடந்ததைச் சொன்னேன். சாளை என்று கூப்பிட்டதையும் சொன்னேன். அவர் கை நின்றுவிட்டது.

"அது என் சருவமாத்தான் இருக்கும். நான்தான் வாசல் ஓரம் வைப்பேன். ஒரு சத்தம் போட்டிருக்கலாம்லா மக்களே, எனக்குத் தெரியவே இல்ல" என்றார்.

ஆட்டோவில் போகலாமே என்று எழுதியதைத் தயங்கித் தயங்கிச் சொன்னேன். அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "ஆட்டோக்காரன் மட்டும் மூக்கில்லாதவனா?"

பிறகு படியில் உட்கார்ந்து இருவரும் பேசினோம். மூன்று பேரும் ஏறுவது காலை முதல் டிரிப்பில் மட்டும்தான். சருவத்துக்குப் பதிலாக, படகில் ஐஸ் போட்டு வைக்கும் இறுக்கமான மூடிப் பெட்டியில் கொண்டுவந்தால் தண்ணீர் சிந்தாது. கடைசி வரிசைக்குப் பின்னால் இருக்கும் இடமே போதும். இறங்கும்போது தரையைக் கழுவிவிடவும் தயார். எல்லாம் அவர் சொன்னதுதான். நான் எழுதிக்கொண்டேன்.

அந்தக் கட்டம் மட்டும் மூன்று பக்கம் வந்தது. அதை வைத்துக்கொண்டு பழைய கட்டுரையை ஒட்டவைக்க முடியாது என்று புரிந்தது. முழுதாக வேறொன்று எழுதினேன். முதல் பத்தியிலேயே மீன்தண்ணீரால் பயணிகள் படும் பாட்டை ஒப்புக்கொண்டு, அதற்கான வழியை அதன் பிறகு சொன்னேன்.

ஒருநாள் சாயங்காலம் அக்காவும் நானும் மினி பஸ் உரிமையாளரைப் பார்க்கப் போனோம். அவர் தாளை வாங்கி இரண்டு வரி படித்ததும் நிமிர்ந்தார்.

"ஏத்தாதேன்னு எழுதினதும் நீதானே? இப்ப ஏத்துன்னு எழுதியிருக்கே. இதுல எது உண்மை?"

"ரெண்டும் உண்மைதான் அண்ணாச்சி. மொதல்ல எழுதினப்ப எனக்குப் பாதிதான் தெரியும்" என்றேன்.

அவர் கடைசிவரை படித்தார். அக்காவைப் பார்த்து, "தண்ணி ஒரு சொட்டு சிந்தினா நிறுத்திருவேன்" என்றார். "சிந்தாது" என்றார் அக்கா. போர்டைக் கழற்ற மேலும் ஒரு வாரம் ஆனது. ஆனாலும் கழற்றினார்.

அக்காவும் இன்னொருவரும் மூடிப் பெட்டியோடு மறுபடி பஸ்ஸில் ஏறத் தொடங்கினார்கள். மூன்றாவது பெண் வரவில்லை. கேட்டதற்கு, அவர் அந்த இடைவெளியிலேயே முந்திரி ஆலை ஒன்றுக்கு வேலைக்குப் போய்விட்டதாக அக்கா சொன்னார். முழங்கால் வலியோடு அத்தனை தூரம் நடக்க அவரால் முடியவில்லையாம். அவர் முகம் எனக்கு இப்போதும் சரியாக நினைவுக்கு வரவில்லை. அவருடைய பிழைப்பை மாற்றும் அளவுக்கு எழுதிவிட்டேன், ஆனால் அவரை ஒருநாள்கூட நேராகப் பார்த்ததில்லை.

இப்போது நான் ஓர் அலுவலகத்தில் வேலை செய்கிறேன். மனு, முறையீடு, பதில் கடிதம் என்று எதையாவது எழுதிக்கொண்டேதான் இருக்கிறேன். எழுத்து நன்றாக இருக்கிறது என்று யாராவது சொன்னால் முன்புபோல சந்தோஷப்பட முடிவதில்லை. எதிர்ப்பக்கத்தில் இருப்பவரிடம் போய்க் கேட்டாயா என்றுதான் மனம் முதலில் கேட்கிறது.