திறக்காத கதவு

சித்தி மேடையேறி அழுதால் ஏழு கடலும் வெட்கத்தில் வற்றிப்போகும். இதைச் சொன்னது சித்தியேதான்.

பல் டாக்டரிடம் வரவேற்பு மேசையில் அவளுக்கு வேலை. மாலையானால் நாடகக் குழுவின் சோக நாயகி. இரண்டு இடத்திலும் ஒரே குரல், ஒரே முகம். பள்ளிக்கூடத்தைப் பாதியில் விட்ட அக்கா மகள் வாலு, மேடையில் கதவுக்குப் பின்னால் நின்று அதைத் தட்டுகிறவள், அதை நினைத்து நினைத்துச் சிரிப்பாள்.

நாடகத்தின் கதை இதுதான். மூத்தவன் காட்டிக்கொடுத்ததில் இளையவன் செத்துப்போகிறான். மூத்தவன் மழையில் வந்து கதவைத் தட்டுகிறான், தாய், அதாவது சித்தி, திறப்பதில்லை. விடிந்தால் வாசலில் அவன் பிணம்.

"அவ நீதி, அக்கா! கல்லு மாதிரி நில்லுங்க," என்றான் ஒத்திகையில் டைரக்டர். தாடியும் துணிப்பையும் இருந்தால் போதும், யார் வேண்டுமானாலும் டைரக்டர். "இன்னிக்கும் இந்த சீன் சரியா வரலைன்னா வேஷத்தை பேங்க்கார அக்காவுக்குக் குடுத்துருவேன்."

"கல்லுன்னா கதவுகிட்ட எதுக்கு தம்பி வர்றா? கட்டில்லயே கிடக்கலாமே."

"ஆராய்ச்சி வேண்டாம்கா. நில்லுங்க."

"நீ நிக்கிறது, பல்லு புடுங்க வந்தவனை வெளிய உட்கார வெச்ச மாதிரியே இருக்கு சித்தி," என்றாள் வாலு.

"வாயை மூடிட்டு தட்டுற வேலையைப் பாரு, கழுதை."

மூன்று தட்டு, பிறகு விளக்கு அணையும். அதுதான் கணக்கு. வாலு மூன்றோடு விடவில்லை. சித்தி தடுமாறி விழிக்கட்டும், குழு மொத்தமும் சிரிக்கட்டும் என்று தட்டிக்கொண்டே இருந்தாள்.

திட்டு வரவில்லை. தாழ்ப்பாள் பாதி நகர்ந்தது. திரும்பப் போய் விழுந்தது. ஒட்டுப்பலகைக் கதவில் நெற்றி சாய்கிற சத்தம். பிறகு எழுதிக்கொடுத்த வசனத்தில் இல்லாத பேச்சு:

"போயிடுடா. திறந்தா உன்னை மன்னிச்சிருவேன். செத்தவனுக்கு அப்புறம் யாருடா இருக்கா?"

வாலுவின் கை அந்தரத்தில் நின்றது. இந்த மரமண்டைச் சித்தியா?

"இதுவே இருக்கட்டும்கா," என்றான் டைரக்டர். தாடி தொண்டைக்குள் போய்விட்ட மாதிரி குரல்.

கதவு திறந்தது. வாலு சட்டென்று மூக்கைத் துடைத்துக்கொண்டாள்.

"என்னைக் கேலி பண்ணத்தானேடி தட்டின?"

"ஆமா. பின்னே?"

சித்தி அவள் முகவாயைப் பிடித்து வெளிச்சத்துக்குத் திருப்பினாள்.

"அப்புறம் ஏன் நிறுத்தின?"