கிள்ளைத் திட்டில் கரையேற்றிய படகு

படகில் இருந்தவர்கள்: நான், அஞ்சலை. என் வீட்டுக்காரர். என் தம்பி காத்தவராயன், படகு அவனுடையது. சிதம்பரத்தில் ஜவுளிக்கடையில் வேலை பார்க்கும் நடராசன். அவர் பெண்சாதி கமலா. அவர்களுக்குக் கல்யாணமாகி மூன்று மாதம். வேறு யாரும் இல்லை.

எனக்கு ஊர் தேவனாம்பட்டினம். ஐந்தாவது வரை படித்தேன். திருப்பாதிரிப்புலியூர் மார்க்கெட்டில் மீன் விற்கிறேன். பிச்சாவரம் பக்கத்துத் திட்டுகளை எங்கள் தெருவில் யாரும் பார்த்ததில்லை. எப்படி இருந்தது என்று கேட்கிறார்கள். ஒவ்வொருவருக்கும் சொல்ல முடியாது. எழுதிவிடுகிறேன்.

போன காரணம் முதலில். ஐப்பசியில், கெடிலம் கடலில் விழுகிற இடத்தில் எங்கள் கட்டுமரம் புரண்டது. மரத்தில் இரண்டு பேர். என் வீட்டுக்காரரும் அவருடைய அண்ணனும். அண்ணன் கை இவர் பிடியில் இருந்தது. அப்புறம் இல்லை. மறுநாள் அண்ணன் பிணமாகக் கரை ஒதுங்கினார். அன்றிலிருந்து இவர் தண்ணீரில் கால் வைக்கவில்லை. மாசி வந்தும் மரம் கட்டு அவிழ்த்தபடி மணலில் கிடந்தது. ராசாப்பேட்டை ஆள் ஒருவர் மரத்தை விலைக்குக் கேட்டு வந்தார். வெள்ளிக்கிழமை பதில் சொல்கிறேன் என்று இவர் சொல்லி அனுப்பினார். மரம் போய்விட்டால் இவர் திரும்பக் கடலுக்குப் போக மாட்டார். அது எனக்குத் தெரியும். கொடுக்க வேண்டாம் என்று சொல்லிக்கொண்டே இருந்தேன்.

என் தம்பி கிள்ளைப் பக்கம் பெண் கட்டி அங்கேயே இருக்கிறான். உப்பங்கழியில் மீன் பிடிக்கிறான். ஞாயிற்றுக்கிழமைகளில் சிதம்பரத்துக்காரர்களைப் படகில் ஏற்றித் திட்டுகளைச் சுற்றிக் காட்டுகிறான். பொங்கலுக்கு வந்தபோது சொன்னான்.

"அக்கா, மாமாவ ஒரு நாளு இட்டுக்கினு வா. எங்கூரு தண்ணி அடிக்காது. சும்மா உக்காந்துட்டுப் போவட்டும்."

படகில் உட்கார்ந்தால் கை தானாக வேலைக்குப் போகும் என்று நினைத்தேன். அதனால் போனோம்.

காலை ஐந்து மணிக்குப் புறப்பட்டோம். திருப்பாதிரிப்புலியூர் ஸ்டேஷனுக்கு மூன்று மைல் நடை. கிள்ளைக்கு மூன்றாம் வகுப்பு டிக்கெட் ஆளுக்கு ஒரு ரூபாய் ஐந்து பைசா. ரயிலில் உட்கார இடம் கிடைத்தது. முதுநகர் தாண்டியதும் வெளிச்சம் வந்தது. ஆலப்பாக்கம், புதுச்சத்திரம், இரண்டு பக்கமும் சவுக்கும் மணலும். எதிரே பரங்கிப்பேட்டைக்குப் போகும் ஒரு பாய் உட்கார்ந்திருந்தார். இவர் கையைப் பார்த்தே தொழிலைக் கண்டுபிடித்துவிட்டார்.

"கடல்காரவுங்க ரயில்ல எங்க போறீங்க?"

"படகுல சுத்திப் பாக்கப் போறோம் பாய்," என்றேன்.

"நீங்க பாக்காத தண்ணியா? காசு ஜாஸ்தியா கெடக்குதா?"

அவர் சிரித்தார். நானும் சிரித்தேன். என் வீட்டுக்காரர் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார். பரங்கிப்பேட்டைக்கு அப்புறம் வெள்ளாற்றுப் பாலம் வந்தது. அதன்மேல் வண்டி போகும்போது உள்பக்கம் திரும்பிக்கொண்டார்.

கிள்ளை ஸ்டேஷனில் எட்டு மணி சுமாருக்கு இறங்கினோம். கடையில் இட்லி ஒன்று எட்டுப் பைசா. சட்னி புளித்திருந்தது. படகுத்துறைக்கு மூன்று மைலுக்கு மேல் இருக்கும். மாட்டு வண்டிக்கு இரண்டு பேருக்கும் சேர்த்து எட்டணா. வண்டிக்காரர் இன்னும் அணாவில்தான் பேசுகிறார்.

துறை என்றால் நான்கு பனங்கட்டை போட்ட இடம். அலை இல்லை. நுரை இல்லை. தண்ணீர் குளம் மாதிரி நின்றது. எதிரே காடு. தண்ணீருக்குள்ளேயே மரம் முளைத்து நிற்கிறது. கடல் நாற்றம் இருக்கிறது, கடல் சத்தம் இல்லை.

நடராசனும் கமலாவும் எங்களுக்கு முன்பே வந்து குடை பிடித்து நின்றார்கள். வெள்ளைச் சட்டை, சரிகைக் கரை வேட்டி. நாள் முழுக்கச் சுற்ற ஐந்து ரூபாய் பேசியிருந்தார். எங்களையும் ஏற்றிக்கொள்ள அவர் தடை சொல்லவில்லை.

எல்லோரும் ஏறினோம். எங்கள் ஊரில் பெண்கள் கட்டுமரத்தைத் தொடக் கூடாது. முப்பத்தாறு வயதில் அன்றுதான் படகு ஏறினேன். என் வீட்டுக்காரர் மட்டும் கட்டையில் நின்றார்.

"இன்னா மாமா, ஒனக்கு வெத்தல பாக்கு வெச்சு அழைக்கணுமா?" என்றான் தம்பி.

ஏறினார். நடுவில் உட்கார்ந்து இரண்டு பக்கமும் பிடித்துக்கொண்டார். புதிதாக ஏறுகிற பட்டணத்து ஆள் அப்படிப் பிடிப்பார். பக்கத்தில் நடராசனும் அப்படித்தான் பிடித்திருந்தார்.

இங்கே துடுப்பு இல்லை. நீளமான கழியைச் சேற்றில் ஊன்றித் தள்ளுகிறார்கள். வாய்க்கால் சில இடத்தில் ஒரு படகு போகிற அகலம்தான். மேலே கிளைகள் மூடிக்கொள்ளும். வேர்கள் விழுது மாதிரி இறங்கி நிற்கும். கொக்கும் நாரையும் நிறைய. கமலா ஒரு கிளையைப் பிடிக்கப் போனார்.

"அதத் தொடாதீங்கம்மா. தில்ல மரம். பாலு கண்ணுல பட்டா கண்ணு அவிஞ்சிடும்," என்றான் தம்பி.

"நம்ம ஊரு மரமே நம்மள சும்மா வுடாதாம், பாத்தியா?" என்றார் நடராசன். கமலா கையைச் சேலையில் துடைத்துக்கொண்டார்.

முதல் திட்டில் பத்து மணிக்கு இறங்கினோம். அம்மனுக்குச் சூலம் நட்டிருந்தது. வேறொன்றும் இல்லை. தரையில் ஆணி அடித்தது போல வேர் முனைகள். நண்டுகள். அரைமணி நேரத்தில் பார்த்து முடிந்தது.

இரண்டாவது திட்டின் பெயர் சின்னவாய்க்கால். அது மணல் மேடு. இந்தப் பக்கம் உப்பங்கழி, அந்தப் பக்கம் கடல். ஐந்தாறு குடிசைகள். காயவைத்த கருவாடு. கடல் சத்தம் இங்கே கேட்டது. நடராசனும் கமலாவும் அலையில் நிற்க ஓடினார்கள். நானும் மேட்டில் ஏறிப் பார்த்தேன். எங்கள் ஊர்க் கடல்தான். என் வீட்டுக்காரர் படகைவிட்டு இறங்கவில்லை. நான் திரும்பி வந்தபோது, "அல எப்பிடிக் கெடக்குது?" என்று கேட்டார். "சும்மா கெடக்குது," என்றேன். அவர் அதைக் கேட்டதே எனக்குப் பெரிதாக இருந்தது.

மூன்றாவது திட்டில் பன்னிரண்டு மணிக்குச் சோறு ஆக்க இறங்கினோம். தம்பி படகை முழங்கால் தண்ணீரில் விட்டு, கழியை ஊன்றிக் கயிற்றால் கட்டினான். விறகும் நண்டும் கொண்டுவருகிறேன் என்று காட்டுக்குள் போனான். நானும் கமலாவும் அடுப்புக்குக் கல் கூட்டினோம்.

எங்கள் ஊரில் கரைக்கு வந்தால் முதல் வேலை மரத்தை மேட்டில் ஏற்றுவது. தண்ணீரில் விட்டால் அலை கொண்டுபோகும். பசித்தாலும், அடிபட்டாலும், அது முடிந்துதான் மற்றது. என் வீட்டுக்காரர் கொஞ்ச நேரம் அந்தப் படகையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு எழுந்து போய்க் கயிற்றை அவிழ்த்தார்.

"தம்பி, ஒரு கை புடி," என்று நடராசனைக் கூப்பிட்டார்.

இரண்டு பேரும் இழுத்தார்கள். இவர் "ஏலே... ஏலே" என்று குரல் கொடுத்தார். மாசக்கணக்கில் நான் கேட்காத குரல். படகு முழுவதும் கரையேறியது. நான் அரிசியைக் களைந்தேன். வெள்ளிக்கிழமை அந்த ஆளைத் திருப்பி அனுப்பிவிடலாம் என்று நினைத்தேன்.

சோறு வெந்தபோது தம்பி வந்தான். படகைப் பார்த்தான். நண்டுக் கூடையைக் கீழே வைத்தான்.

"யாரு இத மேல ஏத்துனது?"

"நான்தான் மச்சான்."

"மாமா, இது இன்னா ஒங்க ஊரு கடலா? தண்ணி வடியற நேரம். அங்க பாரு."

பார்த்தோம். தண்ணீர் இல்லை. படகுக்கு முன்னால் ஒரு தெரு நீளத்துக்குக் கறுப்புச் சேறு. அதற்கு அப்பால்தான் வாய்க்கால். உப்பங்கழியில் படகைத் தண்ணீரிலேயே விட்டு வைப்பார்களாம். வடிய வடிய, அதைத் தள்ளித் தள்ளிக் கட்டுவார்களாம். இல்லாவிட்டால் ராத்திரி ஏற்றம் வரும்வரை உட்கார்ந்திருக்க வேண்டும்.

"நாளைக்குக் காலைல எனக்குக் கடை," என்றார் நடராசன்.

"கடல்கார மாமனுக்கு உப்பங்கழி தெரியல. எங்கூருல சொன்னா நம்ப மாட்டானுங்க," என்றான் தம்பி. சிரித்துத்தான் சொன்னான். இவர் சிரிக்கவில்லை. சோறும் தின்னவில்லை.

தழை வெட்டிச் சேற்றில் போட்டுத் தள்ளலாம் என்று தம்பி சொன்னான். இவரும் தம்பியும் பின்னால் தள்ளினார்கள். நடராசன் முன்னால் கயிறு பிடித்து இழுத்தார். நானும் கமலாவும் தழை எடுத்துப் போட்டோம். தொடை வரை சேறு. பத்து அடி தள்ளினால் பத்து நிமிஷம் மூச்சு வாங்கும். இவர்தான் அதிகம் தள்ளினார். தோளில் தோல் உரிந்தது.

மூன்று மணி இருக்கும். படகின் மூக்கு தண்ணீரைத் தொட்டது. ஒரே வேகமாக வழுக்கி இறங்கியது. கயிற்றோடு பின்னோக்கி நடந்துகொண்டிருந்த நடராசன் தண்ணீருக்குள் காணாமல் போனார். வாய்க்காலின் விளிம்பு சுவர் மாதிரி இறங்குகிறது. அது அவருக்குத் தெரியாது. கை மட்டும் வெளியே வந்தது. தம்பி படகுக்கு அந்தப் பக்கம் சேற்றில் மாட்டியிருந்தான். என் வீட்டுக்காரர் இந்தப் பக்கம். கை நீட்டினால் எட்டும்.

அவர் நீட்டவில்லை. நின்றார். கணுக்கால் தண்ணீரில் நின்று அந்தக் கையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

நான் சேற்றில் இருந்தேன். என்னால் ஓட முடியவில்லை. கமலா, "அண்ணே, புடிங்கண்ணே," என்றார். இரண்டு தரம் சொன்னார். தம்பி படகின்மேல் ஏறிக் குறுக்கே விழுந்து நடராசனின் மயிரைப் பிடித்து இழுத்தான். நடராசன் வாந்தி எடுத்தார். உயிர் இருந்தது. வெள்ளைச் சட்டை கறுப்பாகிவிட்டது. படகிலிருந்த குடை தண்ணீரோடு போய்விட்டது.

கமலா என் வீட்டுக்காரரை ஒரு தரம் பார்த்தார். அப்புறம் துறைக்கு வரும்வரை பார்க்கவில்லை.

ஐந்து மணிக்குத் துறை. சாயங்கால ரயில் கிடைக்காது. சிதம்பரம் போய்ப் பஸ் பிடிக்க வேண்டும். நடராசனுக்கும் அதே வழி. தம்பி வண்டி பேசி ஏற்றிவிட்டான். மாமாவிடம் ஏதோ சொல்ல வந்தான். பிறகு என்னிடம், "அக்கா, பாத்துப் போ," என்றான்.

கிள்ளையில் பஸ் ஏறினோம். ஆண்கள் இருவரும் ஒரே பலகையில் உட்கார வேண்டியதாயிற்று. கொஞ்ச தூரம் போனதும் நடராசன்தான் பேசினார்.

"அண்ணே, மனசுல வெச்சுக்காதீங்க. நானா இருந்தாலும் அந்த எடத்துல கை வந்திருக்காது."

"ஒனக்கு வராம இருக்கலாம்," என்றார் இவர். "எனக்கு வரணும்."



சிதம்பரத்தில் ஏழு மணிக்கு இறங்கினோம். கமலா என்னிடம் மட்டும் போய்வருகிறேன் என்று சொன்னார். கோபுரம் தெரிந்தது. விளக்கு போட்டிருந்தார்கள். இவ்வளவு தூரம் வந்து கோயிலுக்குள் போகவில்லை. உடம்பெல்லாம் சேறு. டீ குடித்தோம். பன்னிரண்டு பைசா. கடலூர் பஸ் டிக்கெட் ஆளுக்கு ஒரு ரூபாய் நாற்பது பைசா.

பஸ்ஸில் கூட்டம் இல்லை. புதுச்சத்திரம் தாண்டியபோது நான் சொன்னேன்.

"வெள்ளிக்கெழம அந்த ஆளு வருவாரு."

"உம்."

"மரத்தக் குடுத்துடு."

என்னைத் திரும்பிப் பார்த்தார்.

"நீதான வேணாம் வேணாம்னு சொன்ன."

"இப்ப நான்தான் சொல்றேன். குடுத்துடு."

அவர் துண்டால் முகத்தை மூடிக்கொண்டார். முதுநகர் வரை எடுக்கவில்லை.

திட்டுகளைப் பார்க்க நினைப்பவர்களுக்கு: மாசியில் போகலாம். வெயில் தாங்கும். குடிதண்ணீர் கொண்டுபோக வேண்டும். காடு அழகுதான். அங்கே தண்ணீர் சத்தம் போடாது. வடிவதும் தெரியாது, ஏறுவதும் தெரியாது. எங்கள் கடல் அப்படியில்லை. வருவதைச் சொல்லிவிட்டு வரும். எது நல்லது என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை.

வெள்ளிக்கிழமை மரத்தை வண்டியில் ஏற்றிக்கொண்டு போனார்கள். இவர் ஒரு கை கொடுத்து ஏற்றிவிட்டார்.

கடலுக்குப் போகாத ஆண்பிள்ளைக்கு எங்கள் ஊரில் வேலை இல்லை. வலை பின்னலாம், அதற்குக் கிழவர்கள் இருக்கிறார்கள். மீன் விற்பது பெண்கள் வேலை. பங்குனி பிறந்து ஒரு நாள் காலை, மீன் ஏலம் விடுகிற இடத்தில் இவர் என் பக்கத்தில் வந்து நின்றார். பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள்.

"இன்னா அஞ்சல, புது மருமவளா?" என்றாள் ஒருத்தி.

"ஆமா," என்றேன். "நல்லாச் சொமக்கும்."

இவர் துண்டைச் சுருட்டித் தலையில் சும்மாடு வைத்துக்கொண்டார். அன்று முதல் மார்க்கெட்டுக்குச் சேர்ந்து நடக்கிறோம். அவர் முன்னால் போகிறார், நான் பின்னால். கூடை இரண்டு.